கூந்தல் முளைத்த ஆடுகள்

ஐப்பசி பிறந்த ஒன்பதாம் நாள், மழை விட்டு மூடுபனி மட்டும் மிச்சமிருந்த காலையில், தோகைப்பாறை ஊருக்கு மேலே இருக்கும் வீரணனின் செம்மறிப் பண்ணையில், ஜெசிந்தா அந்தப் பருவத்தின் முதல் பெட்டை ஆட்டைப் பிடித்துக் கால்களுக்கு நடுவே சாய்த்து உட்காரவைத்துக் கத்தரியை எடுத்தபோது, அதன் உடம்பில் கம்பளி இல்லை, கூந்தல் இருந்தது. முழங்கை நீளத்துக்குக் கறுத்து, தேங்காயெண்ணெய் மணத்தோடு, அங்கங்கே மருதாணிச் சிவப்பேறி, வகிடு எடுத்ததுபோல முதுகுத்தண்டின் இருபுறமும் வழிந்து கிடந்தது. ஜெசிந்தா அதைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். பிறகு, எந்த ஆட்டுக்கும் செய்வதுபோலவே, வயிற்றுப் பக்கத்திலிருந்து ஒரு கொத்தை நறுக்கினாள்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, வீரணனின் மனைவி குருவம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். அவளுடைய கொண்டை ஒருபக்கமாக அவிழ்ந்து, காதுக்கு மேலே ஒரு கொத்து முடி ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. ஜெசிந்தாவின் கையிலிருந்த கொத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"ஏன் ஜெசிந்தா, எந்தலை முடிய எதுக்கு வெட்டுன?"

"ஒங்க முடியாக்கா இது?"

"பின்ன யாரோடது? குழம்புச்சட்டிக்குள்ள பொத்துனு விழுது."

இருவரும் ஆட்டைப் பார்த்தார்கள். ஆடு அவர்களைப் பார்த்துவிட்டு அசைபோட்டது.

ஜெசிந்தா ஆறு வருடத்துக்கு முன்னால், வத்தலகுண்டில் ஒரு கணவனையும் அவன் பழுக்கக் காய்ச்சி இடது காதுக்குப் பின்னால் வைத்த கரண்டியின் தழும்பையும் பெற்றுக்கொண்டு, கணவனை விட்டுவிட்டுத் தழும்போடு மட்டும் மலையேறியவள். பண்ணையின் பழைய கம்பளிக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வருடம் இரண்டுமுறை ஆடுகளுக்குத் தானே கம்பளி வெட்டி, சிக்கெடுத்து, செண்டுப்பூவிலும் வெங்காயத் தோலிலும் சாயமேற்றி, சோப்புத் தண்ணீரில் நனைத்து அழுத்தி உருட்டித் தொப்பியும் வீட்டுச்செருப்பும் பொம்மையும் செய்வாள். சுற்றுலாக்காரர்கள் வரும் ஏரிக்கரைக் கடைகளுக்கு அனுப்புவாள். தபாலில் கேட்பவர்களுக்கும் அனுப்புவாள். யாருக்கும் கீழே வேலை செய்வதில்லை, யாரையும் கேட்டுச் சாப்பிடுவதில்லை என்பதில் அவளுக்குப் பெருமை இருந்தது. அந்த ஐப்பசியில் பெட்டை ஆடுகளிடம் அவளுக்கு வெட்டுவதற்குக் கம்பளி இல்லாமல் போனது.

பண்ணையில் பெட்டை ஆடுகள் நாற்பத்துநான்கு. தோகைப்பாறையில் வயதுக்கு வந்த பெண்களும், ஜெசிந்தாவைச் சேர்த்து, நாற்பத்துநான்கு பேர். கிடாக்களுக்கு எப்போதும்போல அழுக்குக் கம்பளிதான் முளைத்திருந்தது. இது ஏன் வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எது யாருடையது என்றுதான் கேட்டார்கள். அன்று மத்தியானத்துக்குள் பெண்கள் பூண்டுக்காட்டு மண் ஒட்டிய கையோடு பண்ணைக்கு வந்து, பட்டிக்குள் இறங்கி, சுருட்டையைப் பார்த்தும் நரையைப் பார்த்தும் பேன் இருப்பதைப் பார்த்தும் அவரவர் ஆட்டைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஒன்று மிஞ்சியது. செம்பட்டை முடி, இடது காதுக்குப் பின்னால் ஐந்து ரூபாய்க் காசளவு வழுக்கை. ஜெசிந்தா அதைத் தன் கொட்டகைக்குக் கூட்டிப்போனாள்.

அதன்பின் சில நாட்கள் ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. விடிந்ததும் பெண்கள் சீப்பும் எண்ணெய்க் கிண்ணமுமாகப் பண்ணைக்கு ஏறிவந்தார்கள். ஆட்டுக்குச் சிக்கெடுத்தால் தன் தலைக்கும் எடுத்ததாகிறது என்று ஒரே வேலையாக முடித்தார்கள். சண்டை போட்டுப் பேசாமலிருந்தவர்களின் ஆடுகள் ஒன்றையொன்று முட்டாமல் தள்ளிக் கட்டினார்கள். கர்ப்பிணியின் ஆட்டுக்கு எல்லோரும் ஒரு பிடி கூடுதலாகப் புல் போட்டார்கள். தடுப்பூசி போட வந்த நர்சம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் தாய்மார் எடை எழுதும் நோட்டில் பக்கத்திலேயே ஆட்டின் எடையையும் எழுதத் தொடங்கினாள். தீபாவளிக்கு யாரும் கறி எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

பயம் தவமணியிடமிருந்து தொடங்கியது. தீபாவளி கழிந்த நாலாம் நாள், பகல் பதினொரு மணிக்கு, எதிரே நிற்கும் மரம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்கியிருந்தபோது, மேய்ச்சலுக்குள் செந்நாய்கள் வந்தன. அவை விசிலடிப்பதுபோலக் கூப்பிட்டுக்கொள்ளும் சத்தம் நாலு திசையிலும் கேட்டது. மேய்ப்பவர்கள் தகரத்தைத் தட்டி, கத்தி, ஆடுகளைச் சேர்த்து ஓட்டினார்கள். ஒன்று மட்டும் விலகி ஓடிப் பாறை விளிம்பில் சறுக்கிப் போனது. அதே நேரத்தில் கீழே களத்தில் பூண்டு தரம்பிரித்துக்கொண்டிருந்த தவமணி, "அம்மா" என்று ஒருமுறை சொல்லி, கையிலிருந்த பூண்டைக் கூடையில் சரியாகப் போட்டுவிட்டு, உட்கார்ந்தபடியே செத்துப்போனாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. முப்பத்தொரு வயது. அவளையும் ஆட்டையும் ஒரே குழியில் புதைத்தார்கள். தவமணியின் புருஷன் அதற்கு ஒத்துக்கொள்ள அரைநாள் ஆனது.

அன்றிலிருந்து தோகைப்பாறைப் பெண்கள் ஏதாவது ஆடு கத்தும் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். மழைச்சத்தத்துக்கு நடுவே விசில் சத்தம் கேட்பதாகவே இருந்தது. ஜெசிந்தா தன் ஆட்டின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். பழைய கம்பளி மிச்சத்தில் அவள் செய்த செருப்புகள் எல்லாம் ஒரு கால் பெரிதும் ஒரு கால் சிறிதுமாக வந்தன.

வீரணன் பத்து நாளில் பாதியாக இளைத்துப்போனார். ஒரு காலையில் ஊரைக் கூட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பேசினார்.

"இத்தன பேரு உசுர எம் பட்டியில வச்சு எனக்குக் காக்கத் தெம்பில்ல. எனக்கும் வயசாச்சு. அவங்கவங்க வீட்டு ஆட்ட அவங்கவங்க கூட்டிட்டுப் போயிருங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம். வீட்டு ஆம்பளைக பாத்துக்குங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். எல்லோரும் சரி என்றார்கள். ஆண்கள் கயிற்றைக் கொண்டுவந்து, பெயர் கேட்டு, முடியைத் தூக்கிப் பார்த்து உறுதிசெய்து, ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். அன்று சாயங்காலம் பெட்டை ஆடுகளின் பட்டி காலியாகக் கிடந்ததைப் பார்த்த ஜெசிந்தாவுக்கு, காரணம் புரியாமலே, காதுக்குப் பின்னால் தழும்பு எரிந்தது.

ஜீப் ஓட்டும் மூக்கையாதான் முதலில் கண்டுபிடித்தவன். அவன் வீட்டில் இரண்டு ஆடுகள்: மனைவி மயிலாத்தாளுடையது ஒன்று, தாய் பேச்சியம்மாளுடையது ஒன்று. ஒருநாள் சாப்பாட்டில் ஏதோ குறை என்று மயிலாத்தாளிடம் கத்தியவன், வழக்கம்போலக் கையை ஓங்கிவிட்டு, பாதியில் நிறுத்தி, வாசலில் நின்ற ஆட்டைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய், வலது காதோரம் வெள்ளை மயிர்க்கற்றை இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அதை மழைக்குள் இழுத்துப்போய்க் கல்தூணில் தலை அசைக்க முடியாமல் கட்டிவிட்டு வந்து, மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். மயிலாத்தா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து உதடு நீலம் பாரித்து நடுங்கினாள். நெருப்பு அவளைச் சுடவே இல்லை. பேச்சியம்மாள் மூலையிலிருந்து பார்த்தாள். அவளுடைய ஆடு கூரைக்குக் கீழே உலர்ந்த இடத்தில் நின்றது.

இந்த மாதிரி விஷயத்தை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு வீட்டில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் விட்டார்கள். இன்னொரு வீட்டில், பக்கத்துத் தெருப் பையனோடு பேசினாள் என்று தெரிந்த மகளின் ஆட்டை மடியில் போட்டுக்கொண்டு, தகப்பன் காலைக் காப்பி குடிக்கும் நேரமெல்லாம் அரிவாள்மணையின் பக்கத்தில் அதன் கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தான், ஒரு வார்த்தை பேசாமல். எல்லா ஆண்களும் அப்படி இல்லை. ஆனால் எல்லாப் பெண்களும் அப்படி நடக்கும் என்று பயந்தார்கள். முன்பெல்லாம் தோகைப்பாறையில் அடி விழுந்தால் சத்தம் கேட்கும், அக்கம்பக்கம் எட்டிப்பார்க்கும், யாராவது "விடுப்பா" என்பார்கள். இப்போது சத்தம் இல்லை. கதவு திறந்தே இருந்தது, வாசலில் ஆடு நின்றது, வீட்டுக்குள் ஒரு பெண் காரணமில்லாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். வெளியூரிலிருந்து வந்தவர்கள், எவ்வளவு அமைதியான ஊர் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கார்த்திகை முதல் வாரத்தில் மூக்கையா கொட்டகைக்கு வந்தான். மயிலாத்தாளின் ஆட்டைக் கயிற்றில் இழுத்து வந்திருந்தான்.

"எம் பொண்டாட்டிக்குத் தலக்கனம் கூடிப்போச்சு. நடுவுல ஒரு பட்டை மட்டும் வழிச்சு விடு. ஊர்ல பாக்கட்டும்."

"என்னால முடியாதுண்ணே."

"ஒந்தொழிலே அதான?"

"கம்பளிதான் வெட்டுவேன். இத வெட்ட மாட்டேன்."

அவன் கோபப்படவில்லை. கொட்டகைக்குள் மெதுவாக நடந்து, காயப்போட்டிருந்த தொப்பிகளைத் தொட்டுப் பார்த்து, அவள் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் நின்ற செம்பட்டை ஆட்டின் அருகே குனிந்தான்.

"இது ஒன்னோடதா? பாவம். ஒனக்குத்தான் கட்டிப்போட ஆளே இல்லையே."

சொல்லிக்கொண்டே அதன் தொண்டைக்குக் கீழே விரலை வளைத்துக் கொடுத்து லேசாக அழுத்தினான். ஜெசிந்தாவுக்கு மூச்சு நின்றது. கண்ணுக்குள் வெளிச்சம் சுருங்கியது. கையில் கத்தரி இருந்தது, கை தூக்க வரவில்லை. அவன் விரலை எடுத்துவிட்டு, "வாரேன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். அவள் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினாள். மலையேறிய இந்த ஆறு வருடத்தில் தான் தப்பித்துவிட்டதாக நினைத்திருந்த இடம் எவ்வளவு சின்னது என்று அவளுக்குத் தோன்றியது. ஓடலாமென்றால் ஆட்டையும் கூட்டிக்கொண்டு ஓட வேண்டும். எந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கழுத்து எல்லோர் கைக்கும் எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

மறுநாள் மூக்கையா ஜீப்பில் பூண்டு மூட்டை ஏற்றிப்போன நேரம் பார்த்து, மயிலாத்தா தன் ஆட்டோடு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை.

"அக்கா, எனக்கு முழுசா மொட்டையடிச்சிருங்க."

"அவன் சொல்லி அனுப்புனானா?"

"இல்ல. அவரு சொன்னது ஒரு பட்டை. நான் கேக்குறது முழுசு. ஒரு மயிர் இருக்கக் கூடாது."

"எதுக்கு மயிலாத்தா?"

மயிலாத்தா குரலைத் தாழ்த்தினாள். "போன செவ்வாக்கெழம குருவம்மாக்கா ஆடு கயித்த அத்துட்டு எங்க வாசலுக்கு வந்துருச்சு. இருட்டுற நேரம். இவரு என்னுதுன்னு நெனச்சு விறகால ஒண்ணு போட்டாரு. அங்க அக்கா அடுப்படியில விழுந்துட்டாங்க. வீரணய்யா நாலு பேரோட வந்து நின்னாரு பாருங்க, இவருக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வீரணய்யா கால்ல விழுந்து, 'தெரியாமப் பண்ணிட்டேன்யா, அடையாளம் தெரியல'ன்னு அழுதாரு. அதுலருந்து அந்த வெள்ளக் கத்தையப் பாக்காம ஆட்டத் தொடுறதே இல்ல. ரெண்டு தடவ பாக்குறாருக்கா. இவரு பயந்து நான் பாத்தது அது ஒண்ணுதான்."

ஜெசிந்தா கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஒன்னுத மட்டும் வெட்டுனா மொட்டையா இருக்கிறது ஒன்னோடதுன்னு ஆயிரும்" என்றாள் ஜெசிந்தா. "எல்லாத்தையும் வெட்டணும்."

தண்ணீர்க் குழாயடியில் நாலு நாள் இந்தப் பேச்சு, குடம் நிரம்பும் நேரத்துக்குள், வாயசையாமல் நடந்தது. கல்யாணம் நிச்சயமான பெண் ஒருத்தி முடியாது என்று அழுதாள். ஒருத்தி, என் வீட்டுக்காரர் தங்கமானவர், எனக்கெதற்கு என்றாள். அரிவாள்மணைக்குப் பக்கத்தில் ஆட்டை வைத்திருப்பவனின் மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். தங்கமானவரின் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, எந்த நாள் என்று கேட்டாள். பேச்சியம்மாளிடம் யாரும் கேட்கவே இல்லை. மகனிடம் சொல்லிவிடுவாள் என்று பயந்தார்கள்.

வியாழக்கிழமை சந்தை. ஆண்கள் எல்லோரும் ஜீப்புகளிலும் லாரியிலும் பூண்டையும் கேரட்டையும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் இறங்கினார்கள், வீரணனும் போனார். ஜீப் சத்தம் மூன்றாவது வளைவைத் தாண்டியதும், வீடு வீடாகக் கயிறுகள் அவிழ்ந்தன. மூடுபனிக்குள் பெண்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பண்ணைக்கு ஏறினார்கள். எண்ணிப் பார்த்தபோது நாற்பத்துமூன்றும் இருந்தன. கடைசியாக, நரைத்த கூந்தல் ஆட்டின் கயிற்றைப் பிடித்தபடி, பேச்சியம்மாள் நின்றாள். வரிசையில் வந்து நின்றுகொண்டாள்.

ஜெசிந்தா ஒரு கத்தரியும், முப்பது வருடம் பண்ணையில் கம்பளி வெட்டிப் பழகிய குருவம்மா ஒரு கத்தரியும் எடுத்தார்கள். மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆட்டின் தோலில் கத்தரி நுனி பட்டால் யாரோ ஒருத்தியின் தலையில் ரத்தம் வரும் என்பதால், ஜெசிந்தா தோலை விரலால் இழுத்துப் பிடித்து, பார்த்துப் பார்த்து வெட்டினாள். ஒவ்வொரு ஆட்டிலிருந்தும் கூந்தல் சரிந்து விழ விழ, பட்டிச் சுவரோரம் நின்றவர்களில் ஒருத்தியின் பின்னல் அவிழ்ந்து தரையில் விழுந்தது. சிலர் அழுதார்கள். சிலர் பிடரியில் காற்றுப் படுவதை இப்போதுதான் முதன்முறை உணர்வதுபோலக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கல்யாணம் நிச்சயமானவள் கண்ணை மூடிக்கொண்டு, "சீக்கிரம் முடிங்கக்கா, சீக்கிரம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெசிந்தாவின் செம்பட்டை ஆட்டுக்குக் குருவம்மா வெட்டினாள், குருவம்மாவுடையதற்கு ஜெசிந்தா. மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தபோது, பட்டிக்குள் ஒன்றுபோல இளஞ்சிவப்புத் தோல் தெரிய நாற்பத்துமூன்று ஆடுகள் நின்றன. ஜெசிந்தா தன் ஆட்டின் வழுக்கை வட்டத்தை ஒவ்வொரு ஆட்டின் இடது காதுக்குப் பின்னாலும் தேடினாள். எல்லா ஆடும் வழுக்கையாக இருந்ததால் அது எங்கேயும் இல்லை. பிறகு பெண்கள் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். இரண்டு சின்னப் பெண்பிள்ளைகள், இன்னும் வயதுக்கு வராதவர்கள், பட்டிக்குள் இறங்கித் தகரம் தட்டி ஆடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது தன்னுடையது எது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை.

வெட்டிய கூந்தலைக் குழியில் போட்டு எரித்தார்கள். முடி கருகும் நாற்றம் மலைச்சரிவில் இறங்கி, பதினோராவது வளைவில் ஏறிக்கொண்டிருந்த ஆண்களின் மூக்கில் ஏறியது. வண்டிகள் வேகமெடுத்தன.

அவர்கள் வந்து பட்டி வாசலில் இறங்கியபோது நாலரை மணி. பெண்கள் மொட்டைத் தலைகளோடு சுவரோரம் வரிசையாக நின்றார்கள். வீரணன் குருவம்மாவைப் பார்த்துவிட்டு அப்படியே கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். மூக்கையாதான் முன்னால் வந்தான்.

"என் ஆடு எது?"

அவன் மொட்டைத் தலைகளின் வரிசையில் மனைவியைக் கண்ணால் தேடிப் பிடித்தான்.

"மயிலாத்தா, ஒன்னத்தான் கேக்குறேன். ஒன் ஆடு எது?"

"எனக்குத் தெரியாது" என்றாள் மயிலாத்தா. அவள் சொன்னது உண்மை.

அவன் பட்டிக்குள் குதித்து, கைக்கெட்டிய ஒரு ஆட்டைக் காதைப் பிடித்து முறுக்கி இழுத்தான். மயிலாத்தாளைப் பார்த்துக்கொண்டே இழுத்தான். மயிலாத்தா அசையவில்லை. அவளுக்கு ஐந்தாறு பேர் தள்ளி நின்ற பேச்சியம்மாள், "ஐயோ" என்று அலறிக் காதைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டாள். விரல்களுக்கு நடுவே ரத்தம் வந்தது.

மூக்கையா கையை உதறினான். ஆடு திமிறிக்கொண்டு மற்றவற்றுக்குள் ஓடிக் கலந்தது. அவன் தன் கையைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், சுற்றிலும் நெருக்கியடித்து நின்ற ஆடுகளைப் பார்த்தான். எதன்மேலும் படாமல் இருப்பதற்காக இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான். வெளியே நின்ற ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரிவாள்மணைக்காரன் தன் மகளைப் பார்த்தான். அவள் பக்கத்தில் அவன் தங்கையும், தங்கைக்குப் பக்கத்தில் அவன் மனைவியும், எல்லோரும் ஒரே மாதிரித் தலையோடு.

அப்போது மழை பிடித்தது. கார்த்திகை மழை, ஊசிபோலக் குளிர்ந்தது. ஒட்ட வெட்டிய செம்மறிகள் அந்த மழையில் ஒருமணி நேரம் தாங்காது என்பது பண்ணை பார்த்த எல்லோருக்கும் தெரியும். ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து உதறத் தொடங்கின. சுவரோரம் நின்ற நாற்பத்துமூன்று பெண்களும் ஒரே நேரத்தில் நடுங்கினார்கள். ஜெசிந்தாவின் பற்கள் அடித்துக்கொண்டன. கர்ப்பிணி சுவரில் சாய்ந்து வழுக்கி உட்கார்ந்தாள். இது நடக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் இல்லை. இதைத்தான் அவள் நாலு நாளாகத் தூங்காமல் நினைத்துப் பார்த்துப் பயந்தது. இந்த ஆண்கள் நின்று வேடிக்கை பார்த்தால் எல்லோரும் செத்தோம்.

முதலில் வீரணன் எழுந்தார். "நிக்கிறீங்களேடா!" என்று கத்திக்கொண்டு தன் போர்வையை உருவி, எட்டிய ஆட்டின்மேல் போட்டார். அதற்குள் மூக்கையா வெளியே பாய்ந்து, ஜீப்பின் தார்ப்பாயைக் கயிறு அறுத்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தான். சாக்குகள் வந்தன, சந்தையில் பூண்டைக் கொட்டிவிட்டுக் கொண்டுவந்த வெறும் கோணிகள் வந்தன, சட்டைகள் வந்தன. ஜெசிந்தாவின் கொட்டகையிலிருந்து அவள் செய்துவைத்திருந்த தொப்பி, செருப்பு, பொம்மை வரைக்கும் அள்ளி வந்து ஆடுகளின் முதுகில் அடுக்கினார்கள். யாரும் தன் வீட்டு ஆட்டைத் தேடவில்லை, தேட வழியில்லை. கைக்கு வந்ததைப் போர்த்தி, அணைத்துப் பிடித்து, தேய்த்துச் சூடேற்றி, அடுத்ததற்கு ஓடினார்கள். அரிவாள்மணைக்காரன் சேற்றில் உட்கார்ந்து மடியில் ஒன்றும் இருபக்கமும் ஒன்றுமாக மூன்று ஆடுகளைக் கட்டிப்பிடித்து, யாரைக் கேட்கிறோம் என்று தெரியாமலே, "இப்ப எப்பிடி இருக்கு? இப்ப?" என்று கத்திக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் இருந்த பயத்தை ஜெசிந்தா நன்றாக அறிவாள். இத்தனை நாள் அதைக் குழாயடியில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

மூக்கையா தார்ப்பாயின் ஒரு முனையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி மழைக்குள் நின்று தாயைக் கூப்பிட்டான்.

"அம்மா, நடுக்கம் நின்னுச்சா?"

பேச்சியம்மாளுக்குக் குளிர் விட்டு வெகுநேரம் ஆகியிருந்தது. காதிலிருந்து கையை எடுக்காமல், பக்கத்தில் வந்து நின்றிருந்த மயிலாத்தாளை ஒரு கண் பார்த்தாள். மயிலாத்தா இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் தோளைக் குறுக்கி, பற்களைத் தந்தியடிக்கவிட்டு, உடம்பு முழுவதையும் உதறிக்காட்டினாள்.

"இல்லடா" என்றாள். "அடுத்ததப் போத்து."